நூற்றில் ஒன்றிரண்டு பேர்

உங்கள் அறையில் குளிர் கொஞ்சம் அதிகம் டாக்டர். பரவாயில்லை, பழகிவிடும். ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்டீர்கள். குரலை உயர்த்தாமல் கேட்டதால் சொல்கிறேன்.

அம்மா போனபோது தம்பிக்குப் பால்பல்கூட விழவில்லை. குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, நான்தான் ஆளாக்கினேன். எனக்கு வந்த வரன்களைத் தட்டிக்கழித்தேன். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை, நானாகத்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். கிரீஸ் கையோடு வாசலில் நின்று "பசிக்குதுக்கா" என்பான். எனக்கு அது போதும்.

பிறகு அவனுக்குப் பிடித்த ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான். வேலை வேறு ஊரில். கல்யாணம் ஆனதும் அங்கேயே குடிபோகப் போவதாகத் தம்பி சொன்னான். "நீயும் அப்பப்ப வந்துட்டுப் போக்கா" என்றான்.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்தது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தால்கூடத் தெரியவில்லை. ஸ்கேன் எடுத்தோம். ரிசல்ட் கேட்க உள்ளே வரப் பயந்தான். சின்ன வயதில் ஊசி என்றாலே என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவன். என்னை அனுப்பிவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான்.

நீங்கள் படத்தைக் காட்டினீர்கள். தண்டுவடத்தை அழுத்திக்கொண்டு ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, எடுத்துவிட்டால் நடப்பான், தள்ளிப்போட்டால் கால் போய்விடும் என்றீர்கள். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு ஆபரேஷனாலேயே கால் விழுந்துவிடுவதும் உண்டு என்றீர்கள்.

வெளியே வரும்வரை எல்லாவற்றையும் சொல்லத்தான் நினைத்தேன். அவன் போனில் அவளோடு வீடு பார்ப்பதைப் பற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், இரு என்று கையைக் காட்டினான். நான் நின்றேன்.

"என்னக்கா சொன்னாரு?"

"ஆபரேஷன் பண்ணா கால் விழுந்துடுமாம்டா. மாத்திரை போட்டுட்டு ஓய்வா இருக்கச் சொல்றாரு."

நீங்கள் சொன்ன அந்த ஒன்றிரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னேன். அவன் மறுகேள்வி கேட்கவில்லை. முதுகெலும்பில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று அக்கம்பக்கத்திலும் தலையாட்டினார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்தது என் நம்பர். நர்ஸ் கூப்பிட்டபோதெல்லாம், அவன் சம்மதிக்கமாட்டேன் என்கிறான் என்றேன். வலி மாத்திரையும் சத்து மாத்திரையும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் சுவரைப் பிடித்து நடந்தான். பிறகு என் தோளைப் பிடித்து. "ஊரையே மாடி ஏத்தி விடுறவன், ஒரு கட்டில் ஏற முடியலையேக்கா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிறுநீர் அடங்காமல் போனபோது அவன் அழுதான். எனக்கு அருவருப்பே இல்லை. எனக்குப் பழகிய வேலைதானே.

அந்தப் பெண் வந்து கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாசல்வரை கூட்டிப்போய், உன் வாழ்க்கையைப் பார்த்துக்கொள் அம்மா என்றேன். தயங்கித் தயங்கித்தான் போனாள். அவளைக் குறை சொல்லமாட்டேன்.

நான் வேலைக்குப் போயிருந்தபோது அவனோடு வேலை பார்த்தவர்கள் அவனை இங்கே தூக்கி வந்துவிட்டார்கள். "அப்பவே வேண்டாம்னுட்டியேப்பா" என்று நீங்கள் கேட்க, அவன் புரியாமல் விழித்தானாம். கட்டியை எடுத்துவிட்டீர்கள். கால் இனி வராது என்கிறீர்கள்.

ஆமாம் டாக்டர், தெரிந்தேதான் செய்தேன். போலீஸ் கேட்டாலும் இதையே சொல்வேன். உங்கள் நர்ஸிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். அவனை இடது பக்கமாகப் படுக்கவைத்தால்தான் தூங்குவான்.

நேற்றிலிருந்து அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. "போயிடுக்கா" என்று மட்டும் சொன்னான். கோபம்தான், தணிந்துவிடும். என்னை விட்டு எங்கே போய்விடப் போகிறான்.