சில்வர் பெயின்ட் அடித்த பிவிசி பைப் குறித்து

என் பெயர் தமிழழகன், வயது 49, த/பெ நடராசன், குரும்பலூர். பெரம்பலூரில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். டர்போ காருக்கு இன்டர்கூலர் பைப் அமைப்பதில் இந்தப் பக்கம் என்னை விட்டால் ஆளில்லை என்று நானே சொல்லிக்கொள்வது வழக்கம்.

சென்ற மாதம் வரதராஜன்பேட்டை ஆசிரியர் லியோ பிரபு தன் டீசல் காரைக் கொண்டுவந்து, மச்சான் காரை முந்தும் அளவுக்கு வேகம் வேண்டும் என்றார். டர்போவில் சூடாகும் காற்றைப் பெரிய இன்டர்கூலருக்குக் கொண்டுபோய்க் குளிரவைத்து என்ஜினுக்குத் திருப்பப் பைப் வேண்டும் என்றும், இரும்பு என்றால் உள்ளே துருப்பிடித்துத் துகள் என்ஜினுக்குப் போகும் என்றும், எவர்சில்வர் உறுதிதான் ஆனால் கனம், சூட்டையும் விடாது என்றும், அலுமினியமே சரி என்றும் சொன்னேன். அதில் இன்றும் மாற்றமில்லை.

அதன் பிறகு, பட்டறை வழக்கப்படி, வளைவுகளின் அளவு பார்க்க முதலில் பிவிசி பைப்பை வெட்டி ஒட்டி மாட்டினேன். அது சூட்டில் இளகும் என்பதால் அதன்மேல் ஆணியால் ‘மாதிரி, ஓட்டக் கூடாது’ என்று கீறி வைத்தேன். அதன் பிறகு அவர் போனில், “வேலை முடிஞ்சா எப்படி இருக்கும்னு ஒரு போட்டோ அனுப்புங்கண்ணே” என்றதால், சில்வர் பெயின்ட் அடித்து எடுத்து அனுப்பினேன். போட்டோ நன்றாகவே வந்திருந்தது.

அதன் பிறகு நேற்றுப் பகல் நான் சாப்பிடப் போயிருந்தபோது அவர் வந்து, வேலை முடிந்ததென்று நினைத்து, சுவரில் தொங்கிய சாவியை எடுத்துக் காரை ஓட்டிச் சென்றிருக்கிறார். கீழப்பழுவூர் அருகே சிமென்ட் லாரியை முந்த அழுத்தியதில் பைப் வெடித்து, டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு ஓடினார்களாம். யாருக்கும் காயமில்லை. அதன் பிறகு, அலுமினியம் என்று சொல்லிப் பிளாஸ்டிக் மாட்டி ஏமாற்றியதாக என்மேல் புகார் கொடுத்தார். வழக்குப் பதிந்தால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான் என்கிறாள் என் மனைவி கலையரசி. அவள் சொல்லி நடக்காதது குறைவு.

இன்று காவல் நிலையத்தில் உடைந்த பைப்பைக் காட்டி விசாரித்தபோது, கையோடு கொண்டுவந்த தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். மேலே இருந்த பெயின்ட் போய், கீறலுக்குள் இருந்தது மட்டும் தங்கி, எழுத்து பளிச்சென்று தெரிந்தது. லியோ பிரபு சத்தமாகப் படித்தார். பிறகு, “எழுதிட்டு, அது மேலயே பெயின்ட்ட அடிச்சீங்களாண்ணே?” என்றார். ஆமாம் என்றேன். எழுதிக்கொண்டிருந்த ஏட்டையா சிரித்துவிட்டார்.

நான் ஏமாற்றவில்லை, போட்டோவுக்கு ஆசைப்பட்டேன். அலுமினிய பைப் வளைத்துத் தயாராக இருக்கிறது. பெயின்ட் அடிக்காமல் மாட்டித் தருவேன். மேற்கண்டதைப் படித்துக் காட்டக் கேட்டேன். ஏட்டையா சிரித்தது உட்பட எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
ந. தமிழழகன்