மேற்குக் கம்பம்

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் மைதானத்தில் எலுமிச்சை சாத வாசனை போகவே போகாது, மேடம். கிரிவலம் வருகிறவர்களின் வேன்கள் நிற்பதும் அங்கேதான், அன்னதானக்காரர்கள் அடுப்பு மூட்டுவதும் அங்கேதான், நடந்து களைத்தவர்கள் காலை நீட்டிப் படுப்பதும் எங்கள் கூடைப்பந்துத் தளத்தில்தான். நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒரு நாள் பயிற்சி கெட்டால் குடி முழுகிப் போய்விடாது.

வளையத்தைத் தாங்கும் இரும்புக் கம்பத்தைச் சுற்றி ஃபோம் மெத்தை கட்டியிருப்போம். வேகமாக ஓடி வரும் பையன் மோதினாலும் அடிபடக் கூடாது என்பதற்காக. பௌர்ணமி அன்று வாட்ச்மேன் மணி அந்த ஃபோமை உருவி, வயதானவர்களுக்குப் படுக்கக் கொடுத்துவிடுவான். புண்ணியம் என்பான். மறுநாள் துடைத்து, உறைக்குள் போட்டுத் திரும்பக் கட்டுவான். ஊருக்கே தெரிந்த விஷயம் இது. அதனால்தான் ஃபைனலில் வளவன் மேற்குக் கம்பத்தில் தலை மோதி விழுந்ததும், உறைக்குள் ஃபோமுக்குப் பதிலாக அட்டைப்பெட்டிகள் மடித்துத் திணிக்கப்பட்டிருந்ததைப் பார்த்த எல்லோரும் மணியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஃபோமைக் காசுக்கு விற்றிருப்பான் என்றார்கள். இல்லை, எவனோ கிரிவலக்காரன் தூக்கிக்கொண்டு போயிருப்பான், இவன் கண்துடைப்புக்கு அட்டையைச் செருகிவிட்டான் என்றார்கள். வளவனை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கே அவன் இறந்ததும், நீங்களும் எஃப்.ஐ.ஆரில் மணி பெயரில் கவனக்குறைவு என்று எழுதினீர்கள். விபத்து என்றும் எழுதினீர்கள்.

அந்த இரண்டு வார்த்தைகளும் எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலேயே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

மணி நேற்று என் வீட்டுக்கு வந்திருந்தான். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். வாசலிலேயே நின்றுகொண்டு அழுதான்.

"நான்தான் சார் கட்டினேன். கயிறு போட்டு நல்லா இறுக்கினேன். இல்ல, கட்டினேனா இல்லையானு இப்ப எனக்கே டவுட்டா இருக்கு சார்."

"விடு மணி. மனுஷன்னா மறதி வராதா?" என்று சொல்லி அவன் தோளில் தட்டிக் கொடுத்தேன். அவன் கட்டியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தவன். நன்றாகத்தான் கட்டியிருந்தான். அதைச் சொன்னால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அப்போது சொல்லத் தோன்றவில்லை.

என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. இந்த ஊர் ஆண்கள் அணிக்குப் பல வருஷமாக நான்தான் கோச். சக்கரபாணி சாரின் ஃபாஸ்ட் பிரேக் என்றால் விழுப்புரம் வரைக்கும் தெரியும். ஃபாஸ்ட் பிரேக் என்பது வெறும் ஓட்டம் என்று வேடிக்கை பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். எதிரணி போட்ட பந்து கூடையில் விழாமல் திரும்பியதும் அதைப் பிடித்து, அவர்கள் சுதாரித்துப் பின்னால் வருவதற்குள் அந்தப் பக்கம் போய்ப் போட்டுவிட வேண்டும். ஆனால் யார் எந்தத் தடத்தில் ஓடுவது, பந்து எப்போது எந்தக் கைக்குப் போவது என்பதெல்லாம் முன்பே தீர்மானமாகியிருக்க வேண்டும். தளத்தைக் கோயிலைச் சுற்றிய மாடவீதிகளைப் போலப் பிரித்து, ஒவ்வொருவனுக்கும் ஒரு வீதி கொடுத்தேன். எதிராளிக்கும் ஒரு வீதி உண்டு. அவனையும் நாம்தான் ஓட வைக்கிறோம், அது அவனுக்குத் தெரியாது.

வளவன் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து பழகிய பையன். வரும்போது பந்தைத் தட்டக்கூடத் தெரியாது. முதல் ஷூ நான் வாங்கிக் கொடுத்ததுதான். அவன் அம்மா பாஞ்சாலை, அறுப்பு முடிந்ததும் எனக்கென்று வேர்க்கடலை கொடுத்தனுப்புவார். அவனைப் போல ஓடுகிறவனை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கப் போவதில்லை. எனக்கு அவன்மேல் உயிர். அதை யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன்.

அவனிடம் ஒரே ஒரு குறை. கோடு போட்டுக் கொடுத்தால் கோட்டில் ஓட மாட்டான். மாவட்டப் போட்டி ஒன்றில், நான் மாதக்கணக்கில் பழக்கிய ஆட்டத்தைக் கடைசி நிமிஷத்தில் விட்டுவிட்டு, பந்தை எங்கேயோ நின்ற சுதர்சனுக்குத் தூக்கிப் போட்டான். சுதர்சன் போட்டான், ஜெயித்தோம். கூட்டம் வளவனைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

"சுதர்சன் சும்மா நின்னுட்டிருந்தான் சார், அதான் குடுத்துட்டேன். ஜெயிச்சுட்டோம்ல சார்" என்று சிரித்தான்.

அடுத்த சீசன் முழுக்க அவனை பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒழுங்கு வர வேண்டுமல்லவா. அவன் முணுமுணுக்காமல் உட்கார்ந்தான், பிறகு வேலூர் அணிக்குப் போய்விட்டான். போகும்போது என் காலில் விழுந்துவிட்டுத்தான் போனான். சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் மறந்திருப்பேன். அவன் விழுந்து கும்பிட்டதுதான் எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அதற்குப் பிறகு எங்களோடு ஆடிய ஒவ்வொரு ஆட்டத்திலும் என் வீதிகளை ஒவ்வொன்றாக அடைத்தான். அடைக்காமல் என்ன செய்வான், எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதானே. எதிரில் பார்த்தால் "வணக்கம் சார்" என்பான்.

இந்த வருஷ ஃபைனல் எங்களுக்கும் வேலூருக்கும் என்று ஆனது. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் வளவனைப் பார்க்கவே வருகிறார்கள் என்றும் தெரிந்தது. நான் ஒரு புது ஆட்டம் யோசித்தேன். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது தனியாக வளையத்துக்கு ஓடினால் விட மாட்டான். பின்னால் வலப்பக்கமாகத் துரத்தி வந்து, முழு வேகத்தில் எம்பி, பந்தைப் பலகையோடு சேர்த்து அடிப்பான். கூட்டத்துக்கு அது ரொம்பப் பிடிக்கும். என் ஆட்டத்தில், முன்னால் ஓடுகிற பையன் வளையத்துக்குக் கீழே வந்ததும் சட்டென்று நின்று, இடப்பக்கம் விலகிவிடுவான். தேர் நிலைக்கு வந்து நிற்பதைப் போல. அதனால் அதற்கு நிலை என்று பெயர் வைத்தேன். பின்னால் எம்பியவன் காற்றில் இருப்பான், அவனால் நிற்க முடியாது. எங்கள் தளத்தில் கம்பம் எல்லைக் கோட்டுக்கு வெளியே ஓர் எட்டு தூரத்தில்தான் இருக்கிறது.

முன்னால் ஓட நவீனைப் பழக்கினேன். ஓட்டத்தை அவனைப் போலச் சட்டென்று நிறுத்த எங்கள் அணியில் வேறு யாராலும் முடியாது. பயிற்சியில் அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"நான் நின்னுட்டா பின்னாடி வர்றவன் எங்க சார் போவான்?"

"அது அவன் பாடு" என்றேன். பையன்கள் சிரித்தார்கள்.

நவீன் நயினார் வீட்டுப் பையன், சமணர்கள். அவர்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் சாப்பிட மாட்டார்கள். ஃபைனலை வழக்கம்போல் விளக்கு போட்டு நடத்தினால் பையன் வெறும் வயிற்றோடு படுக்க வேண்டியிருக்கும், சாயங்காலமே வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டியில் பேசினேன். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். நவீனின் அம்மா குசுமாவதி வீடு தேடி வந்து நன்றி சொன்னார். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குமுன் கொஞ்ச நேரம் மேற்கு வளையத்துக்கு நேர் மேலே நிற்கும், அந்தப் பக்கம் ஓடுகிறவனுக்குக் கண் கூசும், கம்பம் தெரியாது. அதை நான் கமிட்டியில் சொல்லவில்லை.

ஃபைனல் அன்று காலை மணி டிபன் சாப்பிடப் போன நேரத்தில் மேற்குக் கம்பத்து உறையைப் பின்பக்கம் அவிழ்த்தேன். ஃபோமை உருவினேன். அன்னதானத்துக்குத் தட்டு வந்த அட்டைப்பெட்டிகள் மூலையில் கிடந்தன. அவற்றை மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. குசுமாவதி.

"சார், இன்னைக்கு அஷ்டமி. நவீன் உபவாசம் இருக்கான். தண்ணிகூட வாயில வைக்கல. மேட்ச் இருக்கே, வேணாம்டானு சொன்னா கேக்க மாட்டேங்கிறான். நீங்க கொஞ்சம் பாத்துக்குங்க சார்."

"நான் பாத்துக்கறேம்மா. நீங்க கவலைப்படாதீங்க" என்றேன்.

நான் யோசிக்காமல் இல்லை, மேடம். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று யோசித்தேன். நவீனுக்குப் பதில் சுதர்சனை ஓட விடலாமா என்று பார்த்தேன். சுதர்சன் நிற்கும்போது வழுக்குவான், ஆட்டம் கெட்டுவிடும். அதனால் மாற்றவில்லை. உறையைப் பழையபடி கட்டிவிட்டு, ஃபோமைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். இப்போது என் கட்டிலில்தான் கிடக்கிறது. நல்ல ஃபோம், முதுகுவலிக்கு இதமாக இருக்கிறது. ஆள் அனுப்பினால் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறினோம், மேற்கு வளையத்தில் பந்து போடும் முறை எங்களுக்கு வந்தது. வெயில் நான் நினைத்த இடத்தில் இருந்தது. அவர்கள் போட்ட பந்து கூடையில் விழாமல் திரும்பியது, சுதர்சன் பிடித்தான். நான் "நிலை" என்று குரல் கொடுத்தேன். பந்து நவீனுக்குப் போனது, நவீன் ஓடினான், வளவன் திரும்பித் துரத்தினான். அதுவரைக்கும் எல்லாம் நான் போட்ட கோடுதான். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

வளையத்துக்குக் கீழே வந்த நவீன் நிற்கவில்லை. கால் மடிந்தது. காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லாத உடம்பு, கண் இருட்டியிருக்க வேண்டும். ஓடி வந்த வேகத்திலேயே, தலை முன்னால் போக, கம்பத்தைப் பார்த்துச் சரிந்தான். வளவன் எம்பவில்லை. அந்த வெயிலிலும் பையன் விழுவது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு கைகளாலும் நவீனின் முதுகைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளிவிட்டான். நவீன் மண்ணில் உருண்டான். வளவனால் தன்னை நிறுத்திக்கொள்ள முடியவில்லை. கடைசி வரைக்கும் அவன் நான் போட்ட கோட்டில் ஓடவில்லை, மேடம்.

மணி ஒன்றும் செய்யவில்லை. கவனக்குறைவு என்பதை முதலில் அடித்துவிடுங்கள். அவ்வளவு யோசித்துச் செய்த ஒன்றைப் போய் விபத்து என்று எழுதுவது நியாயமா? நேரம் குறித்தது நான், மெத்தையை எடுத்தது நான், ஆட்டத்தை வகுத்தது நான். வளவனைக் கொன்றது நான்தான். என் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் இப்போதுதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டீர்கள்: "அப்ப உங்க பையனக் காப்பாத்தப் போய்த்தான் அவன் செத்திருக்கான். அது உங்களுக்கு ஒண்ணுமே பண்ணலையா சார்?"

பண்ணாமல் என்ன. அன்றிலிருந்து எனக்குத் தூக்கமே சரியில்லை. ஷூட் செய்யப் போகிறவனைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் தள்ளினால் அது ஃபவுல், யாரும் மறிக்காமல் இரண்டு முறை கூடைக்கு எறிய விட வேண்டும், சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். ரெஃப்ரி ராமதாஸ் விசிலைக் கீழே போட்டுவிட்டு அவனைத் தூக்க ஓடினார். எங்களுக்கு வர வேண்டிய அந்த இரண்டு ஃப்ரீ த்ரோவை இன்றுவரை யாரும் கொடுக்கவில்லை.