ஊறுகாய்ப் பாட்டிலில் ஒரு விரால்

மீன் வளர்ப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, கயல். தண்ணீரைக் கெடுக்காமல் இருக்க வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரிய வேண்டும். எனக்கு வராதது இரண்டாவதுதான்.

பரீட்சைக்காக ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது நீ சொன்னதையெல்லாம் செய்தேன். புதிதாக வாங்கிய பன்னிரண்டு நியான் டெட்ரா மீன்களையும் பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு, அவ்வப்போது ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பையில் சேர்த்து, மெதுவாக உள்ளே விட்டேன். அன்று முழுக்க விளக்குப் போடவில்லை. ஒளிந்துகொள்ளக் கூடுதலாகச் செடி நட்டேன். உன் பழைய கப்பி மீன்கள் அவற்றைச் சீண்டவில்லை. ஒன்று திரும்பினால் பன்னிரண்டும் திரும்பின. தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டு விளக்கினேன். உன் அம்மாவுக்கு நான்கு தரம்.

பத்தாம் நாள் எதிர்வீட்டுக் கல்யாணம் சார் வந்தார்.

"என்ன பகலவன், கும்பலா போகும்னீங்க. சந்தை கலைஞ்ச மாதிரி ஆளுக்கொரு பக்கம் மேயுது."

காரணம் எனக்குத் தெரியும். இவை பயந்தால் நெருங்கும், பயம் விட்டால் பிரியும். உன் தொட்டியை வீடாக ஏற்றுக்கொண்டுவிட்டன. நீ கேட்டதும் அதுதான். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் கண்முன் நடந்து காட்டாத விளக்கம் எனக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

குடமுருட்டி ஆற்றிலிருந்து நம் வயலுக்கு வரும் வாய்க்காலில், மடையோரம் துண்டை விரித்து ஒரு சாண் விரால் பிடித்தேன். கண்ணாடி ஊறுகாய்ப் பாட்டிலில் விட்டுத் தொட்டிக்குள் நிறுத்தினேன். விரால் மேலே வந்து காற்றுக் குடிக்கும். அதனால் பாட்டிலின் வாய் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், மூடியில் ஓட்டை வேண்டும். பன்னிரண்டும் உடனே ஒன்றுசேர்ந்தன. கல்யாணம் சார் கைதட்டினார்.

"பாவங்க அதுங்க. பாடம் நடத்த ஒங்களுக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்றாள் உன் அம்மா. பாட்டிலில் இருப்பது வெளியே வராது என்று அவளுக்கு விளக்கினேன்.

நாலே நாளில் மீன்களுக்கும் அது விளங்கிவிட்டது. பாட்டிலை உரசிக்கொண்டு மேய்ந்தன. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் சார் தன் மருமகனை அழைத்து வருவதாக இருந்தார். வெறும் பயம் பழகிப்போகும், அதற்கு ஒரு காரணம் கொடுக்க வேண்டும். அன்று காலை மூடியைக் கழற்றிப் பாட்டிலைச் சாய்த்துவிட்டேன்.

அத்தனை நேர்த்தியான அணிவகுப்பை மருமகன் எங்கும் பார்த்ததில்லையாம். மாலையில் நீ போனில் கேட்டபோது, "நல்லா இருக்கும்மா" என்றேன். அப்போது ஏழு இருந்தன. கப்பிகள் இல்லை. விராலை எடுத்திருக்கலாம். ஆனால் திங்கட்கிழமை தபால்காரர் வருவார், அவர் இன்னும் பார்க்கவில்லை.

எல்லாம் நான் செய்ததுதான், ஒப்புக்கொள்கிறேன். அவற்றைக் கொடுமைப்படுத்தினேன் என்று நீ சொல்வதை மட்டும் ஏற்க மாட்டேன். விரால் பின்மூலையில் நிற்க, மிச்சமிருந்த மூன்றும் கடைசிவரை முன்கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, என் முகத்துக்கு நேரேதான் நின்றன. என்மேல் அவற்றுக்கு அவ்வளவு நம்பிக்கை.