எலுமிச்சம்பழமும் கருவாடும் ஒரே பில்லில்

மூன்று மலையும் முப்புறம் காக்கும் இந்தச் செஞ்சி மண்ணிலே, வணிகர் சங்க ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கி, இவன் எப்போது முடிப்பானோ என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் ஐயா அரங்கநாதன் அவர்களே! தராசு பிடித்துத் தலை நரைத்த பெரியோர்களே! பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாய் ஏறி இறங்கி எங்களை வாழவைக்கும் தாய்மார்களே! சாப்பாடு எப்போது என்று பின்வரிசையில் முணுமுணுக்கும் அன்புத் தோழர்களே! உங்கள் அனைவர் முன்னும் ஜகபர் அலியின் மகன் தௌசீஃப் தலை தாழ்ந்து நிற்கிறேன். வணக்கத்துக்காக மட்டும் தாழவில்லை. காரணத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மைக் தம்பி, கொஞ்சம் சத்தத்தைக் குறைப்பா, என் குரலே என்னை அதட்டுகிறது.

நான் யார்? இங்கே பத்தொன்பது கடைகளில் பில் போடும் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தவன். "பில்லுகளைப் படிக்கத் தெரிந்தால் ஊரையே படிக்கலாம்" என்று உங்களிடம் மார்தட்டியவன். பில் என்பது என்ன, வெறும் காகிதமா? ஒரு வீட்டின் அடுப்பங்கரை அது! ஒரு நாளின் ஆசை அது! ஒரு தாயின் கணக்கில்லாத கவலை அது! ஆயிரம் பில்லைச் சேர்த்துப் பார்த்தால், எந்தப் பொருளோடு எந்தப் பொருள் கைகோத்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

கோட்டை ஏற வருகிறவர்களின் நூறு பில்லை எடுங்கள். நாற்பதில் தண்ணீர் பாட்டில். அந்த நாற்பதில் முப்பதில் குளுக்கோஸ் பொட்டலமும் இருக்கிறது. அப்படியென்றால் நூற்றுக்கு முப்பது பில்லில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. தண்ணீர் வாங்கும் நாலு பேரில் மூன்று பேர் குளுக்கோஸும் வாங்குகிறார்கள். முதலாவது, அடிக்கடி சேர்ந்து வரும் சரக்குக் கூட்டம். இரண்டாவது, அதிலிருந்து பிறக்கும் விதி. "எல்லா ஜோடியையும் எண்ண ஆயுசு போதுமா?" என்று கேட்பீர்கள். போதும்! குடை நூற்றுக்கு ஒரு பில்லில்கூட இல்லையென்றால், குடையைச் சேர்த்துக்கொண்ட எந்தக் கூட்டமும் நூற்றுக்கு ஒன்று தேறாது. அதையெல்லாம் எண்ணாமலே தள்ளிவிடலாம். மிஞ்சியதை மட்டும் ஜோடி சேர்த்து, மூன்றாக்கி, நாலாக்கி ஏறிக்கொண்டே போகலாம்.

யாரது அங்கே, "எல்லாரும்தான் உப்பு வாங்கறாங்க" என்றது? அட, வாங்க ஐயா மேடைக்கு! தீப்பெட்டி வாங்குகிறவர்களில் நூற்றுக்கு எண்பது பேர் உப்பு வாங்குகிறார்கள். பெரிய விதியா? இல்லை! தீப்பெட்டி வாங்காதவர்களிலும் எண்பது பேர் வாங்குகிறார்களே! உப்புக்கும் தீப்பெட்டிக்கும் ஒரு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இந்த எச்சரிக்கையெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கோட்டை விட்டேன்.

ஐந்து மாதத்துக்கு முன்னால், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பெரிய மளிகைக்கடை வைத்திருக்கும் கலியபெருமாள் ஐயா என்னைக் கூப்பிட்டார். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறார். "தம்பி, பில்ல அலசிச் சொல்லு" என்றார். அலசினேன். யார் பில் போட்டது, எந்த நாள், பில் நின்றதா, ரத்தானதா, எல்லாவற்றையும் சரக்கோடு சரக்காகச் சேர்த்து எண்ணினேன். ஒரு விதி வந்தது. அமாவாசை நாள், எலுமிச்சம்பழம், பில் போட்டவர் அம்மாக்கண்ணு, இந்த மூன்றும் சேர்ந்தால், நூற்றுக்கு அறுபத்திரண்டு பில் ரத்து! மற்ற கவுண்டர்களில் எத்தனை? மூன்றே மூன்று!

அம்மாக்கண்ணு அக்கா அங்கே பதினோரு வருஷமாக வேலை பார்த்தவர். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "ஏன் என்று அவரைக் கேளுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? "பில்லை ரத்து பண்ணிவிட்டுத் தெரிந்தவர்களுக்குச் சரக்கைத் தூக்கிக் கொடுக்கிறார் ஐயா" என்றேன். அக்கா ஓடிவந்து, "நான் இன்னா பண்ணேன், அத்தச் சொல்லுங்க" என்று கேட்டார். கம்ப்யூட்டர் திரையைக் காட்டினேன். அன்றைக்கே வேலை போயிற்று. அதோடு விட்டேனா? மற்றக் கடைக்காரர்கள் விசாரித்தபோது, "கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். ஒரு கடையும் அவரைச் சேர்க்கவில்லை. ஐந்து அமாவாசையாக அவர் கூலிக்கு மல்லாட்டைக் கடலை உரிக்கப் போய்க்கொண்டிருக்கிறார்.

போன அமாவாசை. மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸுக்கு ஜனம் நெருக்கியடிக்க, அந்தக் கடையில் பிரிண்டர் ஓடவில்லை என்று என்னை அழைத்தார்கள். கவுண்டருக்குப் பின்னால் குனிந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலைக்கு மேலே ஒரு அம்மாவின் குரல்.

"இன்னாம்மா இது! எலுமிச்சம்பழத்தையும் கருவாட்டையும் ஒரே பில்லுல போட்டுக்கிற? இது அங்காளம்மனுக்கு எடுத்துனு போறது. அது நாளைக்குக் கொழம்புக்கு. பிரிச்சுப் போடு."

புதிதாக வந்த பெண், "ஒருவாட்டி போட்டா போட்டதுதான்" என்றாள்.

"அம்மாக்கண்ணு இருந்தா கேக்காமலே கேன்சல் பண்ணி ரெண்டா போட்டுக் குடுக்கும். அந்த மனசு உங்களுக்கு எங்க வரப்போவுது?" என்று சொல்லிவிட்டு, கூடையை அப்படியே வைத்துவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

என் கையில் இருந்த ஒயர் கீழே விழுந்தது. ஐயையோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! அங்கேயே உட்கார்ந்து, ரத்தான பில்லுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரத்தான இரண்டு நிமிஷத்துக்குள் அடுத்தடுத்து இரண்டு பில்! ஒன்றில் எலுமிச்சம்பழம், கற்பூரம், குங்குமம். இன்னொன்றில் கருவாடு, முட்டை, வெங்காயம். இரண்டையும் கூட்டினால் ரத்தான பில்லின் சரக்கு அத்தனையும் இருந்தது. ஒரு கற்பூரக் கட்டி குறையவில்லை, தாய்மார்களே!

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். "எலுமிச்சம்பழம் வாங்குகிறவர்கள் கருவாட்டைத் தொடுவதே இல்லை" என்று, ரத்தாகாமல் நின்ற பில்லுகளை மட்டும் எண்ணி, அதே நாளில் இன்னொரு விதியும் எழுதிக் கொடுத்திருந்தேன்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். தொடாமல் என்ன? ஒரே கையால் எடுத்து, ஒரே கூடையில் போட்டு, சாமிக்கு ஒரு பில், வீட்டுக்கு ஒரு பில் என்று பிரித்துக் கேட்டிருக்கிறார்கள். நான் பில்லை எண்ணினேன். கூடையை எண்ணவில்லை, கூடை தூக்கியவரைக் கேட்கவும் இல்லை. எண் பொய் சொல்லவில்லை, நண்பர்களே! எது எதோடு வருகிறது என்று மட்டும்தான் அது சொன்னது. ஏன் வருகிறது என்று சொன்னது நான். திருட்டு என்ற சொல் எந்தப் பில்லிலும் இல்லை, அது என் வாயில் இருந்தது.

மறுநாளே தளவானூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். மடியில் மல்லாட்டையோடு உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கெட்ட பேர ஊரு முழுக்க சொன்ன. நல்லத மட்டும் வூட்டுக்குள்ள வந்து சொல்றியா? கடைக்காரங்க எல்லாம் குந்தியிருக்கற எடத்துல சொல்லு தம்பி" என்றார்.

அதற்காகத்தான் தலைவர் ஐயாவிடம் கெஞ்சி இந்த மேடையைக் கேட்டு வாங்கினேன். அழைப்பிதழில் "கணினியும் வணிகமும்" என்று போட்டிருக்கிறது. அதற்கு மேல் தலைவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி அடுக்குமொழி வேண்டாம். பெரியோர்களே, கடை முதலாளிகளே, கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாக்கண்ணு அக்கா எந்தக் கடையிலும் எதையும் எடுக்கவில்லை. யாருக்கும் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. திருட்டுப் பட்டம் கட்டியவன் நான். தப்பு முழுக்க என்னுடையது. இன்றிலிருந்து என் சாப்ட்வேர் எந்த ஆளின் பேரிலும் விதி எழுதாது. எதையாவது கண்டால், "சம்பந்தப்பட்டவரைக் கேட்கவும்" என்று மட்டும்தான் எழுதும்.

அக்கா பெண்கள் வரிசையில் கடைசி நாற்காலியில் இருக்கிறார். அக்கா, என்னை மன்னிச்சிடுங்க.

என்ன ஐயா, கலியபெருமாள் ஐயா எழுந்து நிற்கிறீர்கள்? "நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லு" என்கிறீர்களா? என்னிடம் ஏன் ஐயா சொல்கிறீர்கள்? ஒரு தடவை நான் நடுவில் நின்று பேசியது போதாதா? திரும்பி அவரைப் பார்த்தே கேளுங்கள்.

கேட்டுவிட்டார். கொஞ்சம் அமைதி, அமைதி! அக்கா எழுந்திருக்கிறார். மைக் தம்பி, அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பா. வேண்டாமாம், மைக் இல்லாமலே கேட்கிறது.

"யோசிச்சு சொல்றேன்" என்கிறார்.

கைதட்டுங்கள்! எனக்கு இல்லை, அவருக்கு! மேடை தந்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், தாய்மார்க்கும், பசியோடு இருந்த தோழர்க்கும் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோருக்கும் என் வணக்கமும் ஸலாமும்!