தண்ணீரில் மிதந்த குப்பி

கதவைச் சாத்திவிட்டு வாருங்கள், இன்ஸ்பெக்டர். முன்கூடத்தில் புகை நெடி அடிக்கும். பேசுவதற்கு இந்த அறைதான் சுகம். அந்த நாற்காலியில் உட்காருங்கள். திண்டுக்குப் போட்டிருக்கும் உறை என் மனைவி பூரணத்தின் கூறைப் புடவை. பட்டு என்பதால் கொஞ்சம் வழுக்கும். அதைக் கட்டித்தான் அவளை அனுப்ப வேண்டும் என்று உறவுக்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். நல்ல பட்டை நெருப்பில் போடுவானேன் என்று நான் ஒரு பருத்திப் புடவை கட்டி அனுப்பினேன். எரித்துவிட்டால் யாருக்கு என்ன பயன்?

தமிழிலேயே பேசலாம் என்றீர்கள், நல்லது. நான் சிவகுருநாதன். ஓய்வு பெறும்வரை அறிவியல் பாடம் நடத்தினேன். இந்தப் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் வாத்தியார் வீடு என்று காட்டுவார்கள். நான் சொல்லப்போவதில் உணர்ச்சிவசப்பட ஒன்றும் இல்லை. வகுப்பில் சொல்வது போல வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வீட்டில் எதுவும் வீணாகாது. அரிசி கழுவிய தண்ணீர் கீரைப் பாத்திக்குப் போகும். என் பழைய வேட்டி வடிகட்டும் துணியாகி, அடுப்படியில் கைப்பிடித் துணியாகி, கடைசியில் விளக்குத் திரியாகும். பாசாருக்குப் போவதற்குப் பழைய கால்சட்டையில் நானே பை தைத்து வைத்திருக்கிறேன். என்னைக் கண்டதும் மீன் கடைக்காரர், “வாத்தியார் வந்துட்டாரு, பிளாஸ்டிக்க ஒளிச்சு வை லா” என்று பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுப்பார். பிரிட்ஜில் இருக்கும் வாயுவால் ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்திருப்பதாகப் படித்த அன்றே பிரிட்ஜை நிறுத்தினேன். அதற்குள் இப்போது துணி அடுக்கியிருக்கிறேன். பூரணம் முதலில் முகம் சுளித்தாள். பிறகு காலையில் வாங்கியதை மதியத்துக்குள் சமைத்து முடிக்கப் பழகிக்கொண்டாள்.

ஒரு சுற்றுச்சூழல் சங்கத்தார் கல்லூரிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து இந்த வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். பழம்புடவைத் திரைகளையும் மழைநீர்த் தொட்டியையும் பார்த்து அவர்கள் வாய் பிளந்து நிற்பார்கள். பூரணம் எல்லோருக்கும் மோர் கொடுப்பாள். நான் பேசும்போது என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த நாள்களில் எனக்கு இருந்த சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லி மாளாது.

ஒரே குறை, அவளுடைய இழுப்பு நோய். அதற்கு நீலக் கூட்டுக்குள் ஒரு சின்ன உலோகக் குப்பி வைத்து மருத்துவமனையில் கொடுத்திருந்தார்கள். வாயில் வைத்து அமுக்கினால் மருந்து நெஞ்சுக்குள் போகும். அந்த மருந்தை வெளியே தள்ளுவது எது என்று உங்களுக்குத் தெரியுமா? பிரிட்ஜில் இருந்த அதே குடும்பத்து வாயு. உலக நாடுகள் கூடி அதைத் தடை செய்தபோது, நோயாளிகளின் குப்பிக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டன. எனக்கு விலக்குகளில் நம்பிக்கை இல்லை. வகுப்பிலும் நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஆனாலும் பொறுத்துக்கொண்டேன். துளசித் தண்ணீர், ஆவி, மூச்சுப் பயிற்சி என்று ஒவ்வொன்றாகப் பழக்கிப் பார்த்தேன். குப்பியில் மருந்து மிச்சமிருக்கும்போதே அவள் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்று ஒரு சோதனையும் சொல்லிக் கொடுத்தேன். குப்பியைக் கூட்டிலிருந்து உருவித் தண்ணீரில் போட வேண்டும். நிறைந்திருந்தால் மூழ்கும், காலியென்றால் மிதக்கும். அதைக் குழந்தை மாதிரி ரசித்துச் செய்வாள். மிதந்தவற்றை நான் துடைத்து ஒரு மைலோ டின்னில் போட்டு வைப்பேன். உலோகம்தானே, எதற்காவது உதவும்.

பிறகு எங்கோ காடுகள் எரிந்து இந்த வருடத்துப் புகைமூட்டம் வந்தது. நடுப்பகலில் லோரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு போயின. பூரணத்தின் நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கியது. எங்கள் மகள் சந்திரகலா காஜாங்கில் இருக்கிறாள். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஆள்களை அழைத்து வந்து, பூரணம் படுக்கும் அறையில் குளிரூட்டும் ஏர்கோன் மாட்டிவிட்டாள்.

“இது சொகுசுக்கு இல்லப்பா. அம்மாவுக்கு மருந்து மாதிரி” என்றாள்.

அதிலும் அதே குடும்பத்து வாயுதான். அன்று முதல் பூரணம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். நான் ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு முன்கூடத்தில் படுத்தேன். கதவுக்கு அப்பால் அவள் மகளோடு டெலிபோனில் பேசிச் சிரிப்பது கேட்கும். அதற்கு முன், புகை வந்ததிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்காக எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

அடுத்த வாரம் சங்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள். வெளிச்சுவரில் ஓடிக்கொண்டிருந்த ஏர்கோன் பெட்டியைக் காட்டி ஒரு பெண், “அங்கிள், உங்க வீட்டுலயுமா?” என்று கேட்டாள். கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பூரணம் மோர்த் தட்டோடு வந்து, “அது எனக்குத்தான், பிள்ளை. அவருக்கு இல்ல” என்றாள். எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள். ஆனால் அந்தப் பிள்ளைகள் பிறகு வரவே இல்லை.

அதன் பிறகு ஒரு நாள் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அறையை விட்டு வெளிய வந்தா இந்தப் புகைக்குள்ள எனக்கு மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு. பிள்ளையின்ர வீடு முழுக்க ஏர்கோன், அங்க போய்க் கொஞ்ச நாள் இருந்திட்டு வாறன். நீங்களும் வாங்கோவன்” என்றாள்.

நான் இந்த வீட்டை விட்டு எங்கே போவது? கீரைப் பாத்திக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? போவதானால் போ என்றேன். போகமாட்டாள் என்று நினைத்தேன். அவள் நான் தைத்த பையிலேயே துணிகளை அடுக்கினாள்.

சந்திரகலா புதுக் குப்பி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மறுநாள் மதியம் காரோடு வருவதாக ஏற்பாடு. காலையில் பூரணம் குளிக்கப் போனபோது நான் புதுக் குப்பியைக் கூட்டிலிருந்து உருவி, மைலோ டின்னிலிருந்த ஒரு காலிக் குப்பியை அதில் பொருத்தினேன். கூட்டுக்குள் இருக்கும்போது பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. புதியதை அமுக்கியே தீர்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அமுக்கினால் அந்த வாயு முழுவதும் வானத்துக்குப் போயிருக்கும். அதற்கு என் மனம் இடம் கொடுக்கவில்லை. அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குப்பி இல்லாமலும் மூச்சு விட முடியும் என்பதை அவள் ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும். பையைப் பிரித்துத் துணிகளை எடுத்து வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். ஏர்கோனையும் கழற்றிக் கொடுத்துவிடலாம்.

மகளுடைய கார் புகையில் எங்கோ மாட்டிக்கொண்டது. வாசலில் நின்று நின்று பார்த்ததில் பூரணத்துக்கு இழுப்பு வந்துவிட்டது. உள்ளே வந்து உட்கார்ந்து குப்பியை அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். குப்பியை உருவித் தண்ணீர்ச் சட்டியில் போட்டாள்.

அது மிதந்தது.

“இது பழசு” என்றாள். என்னைப் பார்த்தாள். “புதுசு எங்கயப்பா?”

“பதறாதை. மெதுவா மூச்சை உள்ள எடு. நான் சொல்லித் தந்தனான்தானே” என்றேன்.

அவளைக் கீழே உட்கார வைத்து நானும் உட்கார்ந்தேன். அவளோடு சேர்ந்து மூச்சை இழுத்தேன், விட்டேன். அவள் உதடு நீலமாகத் தொடங்கியதைப் பார்த்தேன். அதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியும், பாடம் நடத்தியிருக்கிறேன். ஒரு சமயம் அவள் என் சட்டையைப் பற்றினாள். விரல்கள் சட்டைப்பையின் மேல் பட்டு, உள்ளே இருந்ததைத் தடவின. அது என்னவென்று தெரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். நான் அந்தக் கையை மெதுவாக விலக்கி, என் மடியில் வைத்து, தட்டிக் கொடுத்தேன்.

பக்கத்து வீட்டு ரமணி எதற்கோ பின்வாசல் வழியாக வந்தாள்.

“ஐயோ, ஆன்டி! என்னா அங்கிள், சும்மா உக்காந்திருக்கீங்க? ஸ்பிரே எங்க?”

“காலியாப் போச்சு” என்றேன். அது பொய் இல்லை. சட்டியில் இருந்தது காலிதான்.

அவள் ஓடிப்போய் டாக்சியைக் கூப்பிட்டு வந்தாள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே, ரமணியின் தோளில் சாய்ந்தபடி, பூரணம் அடங்கிவிட்டாள். நான் முன்னால் டிரைவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை.

சட்டியில் மிதந்த குப்பியை ரமணி எடுத்து வைத்திருந்து சந்திரகலாவிடம் காட்டியிருக்கிறாள். புதியதை வாங்கியவள் சந்திரகலா. அவளுக்கு விளங்காமல் போகுமா? பெற்ற மகள் என்மேல் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தம்தான். ஆனால் அவள் சொல்வதில் பிழை இல்லை. குப்பியை மாற்றியவன் நான். சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் இருந்தவனும் நான்தான். அந்த அலமாரியில் மைலோ டின் இருக்கிறது, அதற்குள் பஞ்சுக்கு அடியில் அந்தப் புதுக் குப்பி இருக்கும், எடுத்துப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மூழ்கும். அதிலிருந்து ஒரு துளி வாயுகூட வெளியே போகவில்லை. அதை மட்டும் நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

எனக்காக நான் எதுவும் செய்யவில்லை, இன்ஸ்பெக்டர். சுயநலம் என்று யாராலும் என்னைச் சொல்ல முடியாது. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கும் தலைக்கு மேல் ஒரு வானம் வேண்டுமல்லவா?

போகலாம், நான் தயார். ஒரு நிமிடம், இந்த ஏர்கோனை அணைத்துவிட்டு வருகிறேன். காசு கொடுத்து மாட்டியது. பூரணம் போன பிறகு சும்மா கிடந்தால் வீண்தானே என்று அன்றிலிருந்து நான்தான் இந்த அறையில் படுத்துக்கொள்கிறேன். நல்ல தூக்கம் வருகிறது. ரிமோட் என் தலையணைக்கு அடியில் இருக்கும், அதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள்.