போர்டில் ஏறாத மடிப்பு

அவைக்கு அணியாகவும் எங்கள் ஜவுளி வணிகர் சங்கத்துக்கு அச்சாணியாகவும் வீற்றிருக்கும் தலைவர் விஜயராகவன் அவர்களே, பிரெஞ்சுப் பென்ஷனும் பித்தளைப் பூண் போட்ட கைத்தடியுமாக முன்வரிசையைப் பிடித்துவிட்ட பெரியோர்களே, பகலெல்லாம் கடையில் நின்ற கால்களோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, நெல்லித்தோப்பின் நெஞ்சங்களே, அனைவருக்கும் ஜவுளிக்கடை கரீமின் பணிவான வணக்கம்.

இன்றைய நான்காம் தீர்மானம் என்ன? எல்லாக் கடைகளிலும், யார் எத்தனை விற்றார் என்று எழுதிக் காட்டும் விற்பனைப் போர்டு வைப்பது. அதிகம் புடவை விற்றவருக்கு ஊக்கத்தொகை. கடைசியில் நிற்பவருக்குக் கணக்கு முடிப்பு. 'பொருளாதார முறைப்படி பணியாளர் மேலாண்மை' என்று தலைப்பு வேறு. கைதட்டுகிறீர்கள். ஐயா, தட்டிய கைகளைக் கொஞ்சம் மடியில் வையுங்கள். அந்தப் போர்டை ஆறு மாதம் முன்பே என் கடையில் மாட்டிப் பட்டவன் பேசுகிறேன்.

என் மகள் இஃப்ஃபத் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறாள். "எதுக்குக் காசு குடுக்கறீங்களோ அதுதான் அத்தா கெடைக்கும்" என்று ஒருநாள் சொன்னாள். அடுத்த வாக்கியத்தையும் சொன்னாள். அதற்குள் நான் போர்டு மாட்ட ஆணி வாங்கப் போய்விட்டேன்.

மாத முடிவில் முதலிடம் ஹேமலதா. கடைசியிடம் அஞ்சலாட்சி. பத்தொன்பது ஆண்டு என் கடையில் உழைத்தவர். எண்ணைப் பார்த்தேன்; ஆளைப் பார்த்தேனா? அனுப்பிவிட்டேன்.

வந்தது தீபாவளி. ஒரு புடவை எடுக்க முப்பது புடவையைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் நாம். சிரிக்காதீர்கள் தாய்மார்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பிரித்ததெல்லாம் மலையாகக் குவிந்தது. கல்யாணப் பெண்ணின் தாயார் ஒருவர், முன்பு பார்த்து வைத்த கடுகு மஞ்சள் பட்டைக் கேட்டார். அந்தக் குவியலில் முக்கால் மணி நேரம் தேடினோம். அவர் எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார். பின்னாலேயே பதினோரு உறவினரும் போனார்கள்.

"மடிச்சு வச்சா என்னம்மா?" என்று ஹேமலதாவைக் கேட்டேன்.

"மடிச்சா போர்டுல ஏறுமா மொதலாளி?" என்றார்.

விற்பதற்குக் காசு கொடுத்தேன், விற்றார்கள். மடிப்பதற்குக் கொடுத்தேனா? தேடி எடுப்பதற்குக் கொடுத்தேனா? பக்கத்தில் தவிக்கும் புதுப் பெண்ணுக்குக் கைகொடுப்பதற்குக் கொடுத்தேனா? மகள் சொன்ன இரண்டாம் வாக்கியம் அப்போதுதான் காதில் விழுந்தது: "எதுக்குக் குடுக்கலையோ, அது நின்னுபோயிடும்." பொருளாதாரத்தின் மேல் பழி போடாதீர்கள். அது முழுசாகத்தான் சொன்னது. பாதியில் எழுந்து ஓடியவர்கள் நாம்.

அஞ்சலாட்சியின் வீட்டுக்கே போனேன். "ஆறு பேரு பிரிச்சத நான் ஒருத்தி மடிச்சேன். போர்டுக்குத்தான் கண்ணு இல்ல. நீங்களுமா பாக்கல?" என்றார். வெட்கத்தில் வாசலிலேயே நின்றேன். அதற்குள் அவருக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. எங்கே? அதே எதிர்க்கடையில். அந்தக் கடை யாருடையது? தலைவர் அவர்களே, உங்களுடையது.

சரி, தீர்மானத்தை நிறைவேற்றுங்கள். உங்கள் கடையிலும் போர்டு ஏறும். மாதக் கடைசியில் அஞ்சலாட்சி மறுபடி அடியில் நிற்பார். நீங்கள் அனுப்புவீர்கள். அவர் படியிறங்கும்போது, மடிப்புக்கென்றே தனிச் சம்பளத்தோடு நான் கீழே காத்திருப்பேன். எனக்கு இதைவிட லாபம் உண்டா? ஆனாலும் அந்த அம்மா அதே அவமானத்தை இன்னொரு முறை பட வேண்டுமா? அதனால்தான் என் லாபத்தையும் கெடுத்துக்கொண்டு தொண்டை கிழியச் சொல்கிறேன்: வேண்டாம் இந்தத் தீர்மானம்.

அதோ, தலைவர் தீர்மானத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார். ஓரம் கோணலாக இருக்கிறது தலைவரே. அஞ்சலாட்சியிடம் கொடுங்கள், நேராக மடித்துத் தருவார்.

என் எரிச்சலைப் பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு நன்றி. தாய்மார்களே, நாளைக்குக் கடைக்கு வாருங்கள். பிரித்ததில் ஒன்றையாவது மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்திருங்கள். வணக்கம்.