பெலிம்பிங்குக்கு எந்தப் பிரிவு

— ‘மார்ச் 14. என் வலைப்பூவில் ஒரு சிறிய தவறு நேர்ந்துவிட்டது.’ இவ்வளவுதான் எழுதியிருக்கேன் கோகிலன். சரியா இருக்கா?

— சிறியதா? ஹபீபா அக்கா வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு, சுபா.

— அந்த வார்த்தையை எடுத்துடுறேன். இரு, வரிசையா சொல்றேன். பெலிம்பிங் ஜூஸ் போஸ்ட் எப்ப எழுதினேன்? அப்பாவுக்குக் கிட்னி போறதுக்கு முன்னாடி. அப்ப அது வெறும் நட்சத்திரப் பழம், வெறும் ஜூஸ். சரிதானே?

— சரி.

— அப்புறம் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சாங்க. கிட்னி கெட்டவங்களுக்குப் பெலிம்பிங் விஷம்னு நர்ஸ் சொன்னாங்க. அதையும் அன்னைக்கே எழுதினேன். எழுதாம விடலே.

— எங்க எழுதினே? ‘மழை நாள்’னு தலைப்பு. பாயான் பாரு ஸ்டாப்புல பஸ் வரலே, குடை உடைஞ்சுது, உங்க பூனை நனைஞ்சுது. அதுக்கு நடுவுல நர்ஸ் சொன்னது ஒரே வரி. யாருலா அதுக்குள்ள போய்த் தேடுவா?

— டைரி அப்படித்தானே. நடந்தது நடந்த வரிசையில.

— டைரியை நீ மட்டும் படிப்பே. இதை ஊரே படிக்குது. நம்ம பிளாக் கிளாஸ்ல சார் முதல் வாரமே சொன்னாரு, போஸ்டைப் பிரிச்சுப் போடுங்கன்னு. நான் சமையல், வேலை, சைக்கிள்னு போட்டேன். ‘சைக்கிளுக்கு இருக்கறதே ஒரு போஸ்ட், அதுக்கு ஒரு பெட்டியா’ன்னு சிரிச்சே.

— சிரிச்சேன். ஒரே நாள்ல சமைக்கிறோம், அழறோம், பஸ்ஸுக்கு நிக்கிறோம், அதை எந்தப் பிரிவுல போடுறதுன்னு சாரையே கேட்டேன். என்ன பெருமை எனக்கு!

— ஒண்ணை ரெண்டு மூணு பிரிவுலயும் போடலாம்னு அவரு சொன்னாரே.

— காதுல விழலே. ‘கிட்னி’ன்னு ஒரு பிரிவு இருந்திருந்தா ஜூஸை எங்க வைக்கிறதுன்னு யோசிச்சிருப்பேன். யோசிச்சிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பேன். ஜூஸ் போஸ்ட் எழுதினதையே மறந்துட்டேன், கோகிலன்.

— அக்காவுக்கு உன் பிளாக் எப்படித் தெரியும்?

— நான்தான் சொன்னேன். மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடையில பார்த்தேன். ‘உங்க வீட்டுக்காரருக்கும் டயாலிசிஸா? என் பிளாக்கைப் பாருங்க அக்கா, நர்ஸ் சொன்னதெல்லாம் தமிழ்ல இருக்கு’ன்னேன். ஜூஸ் படம்தான் பெருசா, பச்சையா, அழகா இருந்துச்சு. குடிச்சவருக்கு விக்கல் நிக்கவே இல்லையாம், அப்புறம் நினைவே போயிடுச்சாம்.

— இப்ப?

— நேத்து கண்ணு முழிச்சாரு. மன்னிப்புக் கேட்டு, ‘நாளைக்குப் பிளாக்கை மொத்தமா அழிச்சுடுறேன்’னு இதோ இந்தப் பதிவுலயே எழுதிட்டேன்.

— அலமாக், உன் போன் அடிக்குது. ஹபீபா அக்கா.

— நீ எடேன்.

— நீதான் எடுக்கணும். ஸ்பீக்கர்ல போடு.

— ஹலோ... அக்கா, நான்...

— அழாதேம்மா சுபா. எங்க வூட்டுக்காரரு எந்திரிச்சு உட்கார்ந்துட்டாரு, அல்லா காப்பாத்தினான். உன்மேல கோபம் இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். அதை அப்புறம் வச்சுக்குவோம். எது சாப்பிடலாம், எது கூடாதுன்னு ஆஸ்பத்திரியில ஒரு தாள் கொடுத்தாங்க. மலாய் நல்லாப் பேசுவேன், ஆனா இந்த டாக்டர் பாஷை எனக்குப் புரியலே. அதையே தமிழ்ல போட்டிருக்கேன்னு சொன்னியே? ரொம்ப நேரமாத் தேடுறேன். உன் குடை வருது, உன் பூனை வருது. அது எங்கேம்மா இருக்கு?

— அக்கா, அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்க. இப்பவே ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்றேன், புரியாததை நர்ஸ்கிட்ட கேட்டுக்குவோம்... கோகிலன், ‘அழிச்சுடுறேன்’கிறதை அடிச்சுட்டு இதை எழுது. நாளைக்கு வேலை: ‘கிட்னி’ன்னு ஒரு பிரிவு திறக்கணும். முதல்ல ‘மழை நாள்’. அதுக்குப் பக்கத்துல ஜூஸ், மேலே சிவப்புல ‘குடிக்காதீங்க’.